கம்ப்யூட்டர் கணக்கும் சொந்த வெப்சைட்டும்: பேரும் சாவியும் யார் கையில்?



குழு ஆரம்பித்த புதிதில் நாம் படித்த முதல் பாடம் ஞாபகம் இருக்கிறதா? பணப்பெட்டி ஒருத்தர் வீட்டில், சாவி இன்னொருத்தர் வீட்டில். பாங்கிக் கணக்கு குழு பேரில் இருக்கணும், ஊக்குநர் பேரில் இருக்கக் கூடாது. தீர்மானப் புத்தகத்தை யார் கேட்டாலும் காட்டணும். இதையெல்லாம் யாரும் மறக்கவில்லை. ஆனால் கம்ப்யூட்டர், வெப்சைட் என்று வந்ததும் மறந்துபோனோம். உறுப்பினர்களைச் சொல்லவில்லை, பயிற்சி கொடுக்கிற நாங்களே மறந்தோம். அதனால் வந்த நஷ்டத்தையும், பிறகு கற்றுக்கொண்டதையும் இந்த இதழில் பாடமாகத் தருகிறோம்.

2021-ல் நம் கூட்டமைப்பில் ஓலைப்பெட்டியும் கருப்பட்டியும் செய்கிற ஏழு குழுக்கள் சேர்ந்து ஒரு வெப்சைட் போட்டன. பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர்தான் செய்து கொடுத்தார். காசும் அதிகம் வாங்கவில்லை. வெளியூரிலிருந்து ஆர்டர் வர ஆரம்பித்தது. சந்தோஷத்தில் வெப்சைட் முகவரியைப் போட்டு 5,000 லேபிள் அச்சடித்தோம்.

2024-ல் ஒரு விற்பனைக் கண்காட்சி. கருப்பட்டி வாங்கிய ஒரு அம்மா லேபிளைப் பார்த்து அந்த முகவரியைப் போனில் அடித்தார். நிமிர்ந்து நம் உறுப்பினரைப் பார்த்து, "என்னங்க இது, கருப்பட்டின்னு பார்த்தா சீட்டாட்டம் வருது?" என்றார். ஸ்டாலில் நின்ற அக்காவுக்கு முகம் செத்துப்போச்சு. போனை வாங்கிப் பார்த்தால் உண்மைதான். நம் முகவரியில் ரம்மி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். வெப்சைட் முகவரி அந்தத் தம்பியின் பேரில், அவருடைய இ-மெயிலில் பதிவாகி இருந்தது. அவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். பழைய இ-மெயிலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். வருஷக் கட்டணம் கட்டச் சொல்லி வந்த நினைவூட்டல் எல்லாம் அங்கேயே கிடந்தது. கெடு முடிந்ததும் முகவரியை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தம்பியைக் குற்றம் சொல்ல மாட்டோம். "இது யார் பேரில் இருக்கு தம்பி?" என்று மூன்று வருஷத்தில் நாங்கள் ஒருவர்கூடக் கேட்கவில்லையே.

அந்தப் பொங்கலுக்கு நம் உறுப்பினர் ஒருவரின் மகள் ஊருக்கு வந்திருந்தார். சென்னையில் மென்பொருள் எழுதுகிற வேலை. கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வந்து இரண்டு நாள் எங்களோடு உட்கார்ந்தார். "பெரிய விஷயம் எதுவும் இல்லை சித்தி. நாங்க வேலையில கடைப்பிடிக்கிற சின்னச் சின்னப் பழக்கம்தான்" என்று சொல்லிக் கொடுத்ததுதான் இந்தப் பாடத்தில் பெரும்பகுதி.

பேர் பலகை, கடை இடம், சரக்கு

வெப்சைட் என்பது ஒரே பொருள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அது மூன்று. ஒன்று முகவரி, அதாவது டொமைன். கடையின் பேர் பலகை மாதிரி. இரண்டாவது ஹோஸ்டிங். பக்கங்களை வைக்கிற இடம், கடை வாடகை மாதிரி. மூன்றாவது பக்கங்கள், படங்கள், எழுத்து. அதுதான் சரக்கு. மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் நமக்கு நடந்ததுதான் நடக்கும். சரக்கு நம்மிடம் நகலாக இருந்தால் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். பேர் பலகை போனால் ஒன்றும் செய்ய முடியாது.

டொமைனை யாரும் விலைக்கு வாங்குவது கிடையாது. குத்தகைதான். ஒரு வருஷத்திலிருந்து பத்து வருஷம் வரை ஒரே தவணையில் கட்டலாம். 'டாட் காம்' மாதிரியான முகவரிகளுக்கு ஒரு விதி உண்டு. கெடு முடிவதற்கு முன்னால், சுமார் ஒரு மாதம் இருக்கும்போதும் ஒரு வாரம் இருக்கும்போதும், பதிவு செய்தவருக்கு அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். கெடு தாண்டினாலும் உடனே போய்விடாது. பொதுவாகச் சில நாள் அவகாசம் தருவார்கள். அதன்பின் அழிப்புக்குப் போனாலும் கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள் உண்டு. அதுவும் போனால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போகிற கதைதான். ஆனால் ஏல நோட்டீஸ் நம் வீட்டுக்கு வந்தால்தானே நமக்குத் தெரியும்?

'டாட் இன்' என்று முடிகிற இந்திய முகவரி 2005 முதல் எல்லோருக்கும் கிடைக்கிறது. நாம் இப்போது அதில் ஒன்றைக் கூட்டமைப்பின் பதிவுப் பேரிலேயே மூன்று வருஷத்துக்கு எடுத்திருக்கிறோம். ஒரு எச்சரிக்கை. முதல் வருஷம் மிகக் குறைவாகப் போட்டு, அடுத்த வருஷம் பல மடங்கு கேட்பவர்கள் உண்டு. "புதுப்பிக்க எவ்வளவு?" என்று முதலிலேயே கேட்டுத் தீர்மானத்தில் எழுதுங்கள்.

இ-மெயிலும் சிம் கார்டும்

முகவரி குழு பேரில் இருந்தால் மட்டும் போதாது. அதற்குக் கொடுத்த இ-மெயிலும், அந்த இ-மெயிலுக்குக் கொடுத்த போன் நம்பரும் யாருடையது? இன்றைக்கு எல்லாமே ஓ.டி.பி.யில் ஓடுகிறது. போன் நம்பர் யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் சாவி.

ரீசார்ஜ் செய்யாமல் விட்டுத் துண்டிக்கப்பட்ட நம்பரைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்புறம் நம் ஓ.டி.பி. முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். இ-மெயிலும் அப்படித்தான். இரண்டு வருஷம் திறக்காமலே கிடக்கும் தனிநபர் கணக்குகளை கூகுள் அழிக்கலாம். 2023 டிசம்பரில் இது நடைமுறைக்கு வந்தது. "இ-மெயில் ஒண்ணு பயிற்சியில ஆரம்பிச்சுக் கொடுத்தாங்களே, அது இருக்கும்" என்று நம்பி இருக்க வேண்டாம். மாதக் கூட்டத்தன்று ஒரு தடவை திறந்து பாருங்கள்.

பொறுப்பாளர் மாறும்போது பாங்கியில் கையெழுத்து மாற்றத் தீர்மானம் போடுகிறோம் அல்லவா? அதே தீர்மானத்தில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: இ-மெயில், அதன் போன் நம்பர், பாஸ்வேர்ட் மூன்றும் புதுப் பொறுப்பாளருக்கு மாற்றப்பட்டது.

பாஸ்வேர்ட் பற்றியும் சொல்லிவிடுகிறோம். நாங்கள் பார்த்த குழுக்களில் பாதிக்கு மேல் குழு பேரோடு 123. சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வைத்தால் மறக்காது, மற்றவரால் ஊகிக்கவும் முடியாது. ஒரே பாஸ்வேர்டை எல்லாவற்றுக்கும் வைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது. பேப்பரில் எழுதலாமா என்று ஒரு அக்கா கேட்டார். தாராளமாக எழுதலாம். எழுதிக் கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, பணப்பெட்டியில் வையுங்கள். வெளிநாட்டில் உட்கார்ந்து திருடுகிறவனால் நம் பெட்டியைத் திறக்க முடியாது.

"வாட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் இருக்கே?"

பயிற்சிக்குப் போகும் இடமெல்லாம் இதைக் கேட்கிறார்கள். காசு இல்லாமல் கிடைக்கும்போது வெப்சைட் எதுக்கு என்று. நியாயமான கேள்வி. விற்பனைக்கு அவை உதவும், பயன்படுத்துங்கள். ஆனால் அது அடுத்தவர் திண்ணை. அவர் எழுந்திருக்கச் சொன்னால் எழுந்துதான் ஆகணும்.

1994-ல் அமெரிக்காவில் ஜியோசிட்டீஸ் என்று ஒன்று ஆரம்பித்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாகச் சொந்தப் பக்கம் போட்டுக்கொள்ளலாம். லட்சக்கணக்கானவர்கள் குடும்பப் படம், கைவேலை, சமையல் குறிப்பு என்று போட்டு வைத்தார்கள். 1999-ல் யாஹூ அதை விலைக்கு வாங்கியது. 2009 அக்டோபரில் மூடிவிட்டது. நகல் வைத்திருந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. சில ஆர்வலர்கள் கிடைத்தவரை காப்பாற்றி வைத்தார்கள். மீதி போனது போனதுதான். மைஸ்பேஸ் என்ற இன்னொரு நிறுவனம், 2015 வரை பலரும் அங்கே ஏற்றி வைத்திருந்த பாட்டுகளை இடம் மாற்றும்போது தொலைத்துவிட்டதாக 2019-ல் ஒத்துக்கொண்டது. பெரிய கம்பெனி என்பதால் பத்திரம் என்று எண்ண வேண்டாம். நம் வெப்சைட் சின்னதாக ஒரே பக்கமாக இருந்தாலும் போதும். பேஸ்புக்கில் போடும் படத்தை நம் ஃபோல்டரிலும் ஒன்று வையுங்கள்.

அந்த ஒரு பக்கத்தில் என்ன இருக்கணும்? பொருள், எடை, விலை, எந்த மாதத்தில் கிடைக்கும், எப்படி அனுப்புவோம், கடைசியாக எந்தத் தேதியில் திருத்தினோம். இவ்வளவுதான். ஓடுகிற எழுத்து, மின்னுகிற பூ எல்லாம் வேண்டாம். போன் கேமராவில் எடுத்த படம் ஒன்று மூன்று, நான்கு எம்.பி. இருக்கும். அப்படியே போட்டால் சிக்னல் குறைந்த ஊரில் பக்கம் திறக்காது. 200 கே.பி. அளவுக்குச் சுருக்கினாலே ஓலைப்பெட்டியின் பின்னல் தெளிவாகத் தெரியும்.

என்ன இருக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். உறுப்பினர் பட்டியல், ஆதார் நம்பர், யாருக்கு எவ்வளவு கடன் என்பது, குழந்தைகள் படம் எதுவும் வேண்டாம். சொந்தப் போன் நம்பரும் வேண்டாம். பழைய வெப்சைட்டில் ஒரு உறுப்பினரின் நம்பரைப் போட்டிருந்தோம். ராத்திரி பதினோரு மணிக்குத் தெரியாத ஆட்கள் போன் செய்ய, வீட்டில் சண்டையே வந்துவிட்டது. "ஆர்டரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், என் நம்பரை எடுங்க மேடம்" என்றார். அவர் மேல் என்ன தப்பு? இப்போது ஆர்டருக்கென்று தனி சிம் வாங்கி, சின்னப் போனில் போட்டு அலுவலகத்திலேயே வைத்திருக்கிறோம். மாலை ஐந்து மணிக்கு அணைத்துவிடுவோம்.

நகல் எடுத்தால் போதாது, திறந்தும் பார்க்கணும்

கணக்குக்கு வருவோம். கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு பல குழுக்கள் பேரேடு எழுதுவதையே விட்டுவிட்டன. கம்ப்யூட்டர் ஒருநாள் எழுந்திருக்கவில்லை என்றால் யார் யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதற்கு என்ன சாட்சி?

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 1998-ல் அமெரிக்காவில் பிக்ஸார் கம்பெனியில் 'டாய் ஸ்டோரி 2' என்ற பொம்மைப் படம் தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ தவறான இடத்தில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டரிலிருந்து பொம்மைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பேக்கப் இருக்கிறதே என்று எடுத்தால், அது சரியாகப் பதிவாகவே இல்லை. ஒருவரும் திறந்து சோதித்ததில்லை. அப்போது கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்பப் பொறுப்பாளர் ஒன்று சொன்னார். குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தும் வேலை பார்ப்பதற்காக அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து, மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அதிலிருந்துதான் வேலையைத் தொடர்ந்தார்கள். கைக்குழந்தைக்காரி வீட்டில் இருந்த நகல்தான் உதவியது என்று சொன்னதும் பயிற்சியில் எல்லோரும் கைதட்டினார்கள்.

மென்பொருள்காரர்கள் சொல்லும் கணக்கு 3, 2, 1. மூன்று நகல். இரண்டு வகைப் பொருளில், உதாரணமாகக் கம்ப்யூட்டரிலும் பென் டிரைவிலும். அதில் ஒன்று வேறு ஊரில். வேறு ஊர் எதற்கு? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் கூரை பறந்ததைப் பார்த்தோமே. பென் டிரைவும் கம்ப்யூட்டரும் ஒரே பீரோவில் இருந்தால் இரண்டும் சேர்ந்துதான் நனையும். நாம் இப்போது செய்வது: மாதக் கூட்டம் முடிந்ததும் ஒரு நகல் பென் டிரைவில், ஒரு நகல் கூட்டமைப்பு இ-மெயிலுக்கு. கூடவே உறுப்பினர் வாரியான நிலுவைப் பட்டியலை அச்செடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். காகிதமும் ஒரு நகல்தான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பென் டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பார்க்கிறோம். முதல் தடவையே ஒன்று திறக்கவில்லை!

திறந்தாலும் படிக்க முடியாத ஒரு வகை உண்டு. பழைய தமிழ் ஃபான்டுகளில் அடித்தவை. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். நம் கூட்டமைப்பின் ஆரம்பகாலத் தீர்மானங்கள் பல இப்படித்தான் கிடக்கின்றன. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. போனில் நாம் அடிக்கிற தமிழ் எல்லாம் யூனிகோடுதான். இனி எதை அடித்தாலும் அதிலேயே அடியுங்கள். பழையதை மாற்றித் தர இலவசக் கருவிகள் உண்டு.

ஃபைலுக்குப் பேர் வைப்பதில் நாங்களும் மோசம். 'கணக்கு', 'கணக்கு புதுசு', 'கணக்கு கடைசி', 'கணக்கு கடைசி இதுதான்' என்று எங்கள் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அந்தப் பெண் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எங்க ஆபீஸ்லயும் இருக்கு சித்தி" என்றும் சொன்னார். வருஷம், மாதம், தேதி என்ற வரிசையில் பேரை ஆரம்பிக்கணும், 2025-03-09 கணக்கு என்று. அப்போது கம்ப்யூட்டரே காலவரிசைப்படி அடுக்கிவிடும். தேதியை முன்னால் போட்டால் எல்லா மாதத்து ஒன்பதாம் தேதியும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

பழைய ஃபைலின் மேலேயே திருத்திச் சேமிக்க வேண்டாம். தீர்மானப் புத்தகத்தில் தப்பானால் ஒயிட்னர் போடாமல், ஒரு கோடு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். மென்பொருள் எழுதுகிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 2005-ல் 'கிட்' என்று ஒரு கருவி உருவாக்கினார். எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்று அதில் பார்க்கலாம். எதற்காக மாற்றினோம் என்றும் எழுதி வைப்பார்கள். நமக்கு அந்தக் கருவி தேவையில்லை, மாதம் ஒரு ஃபைல் போதும்.

தெரிந்த கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்

இது எங்களுக்கு மிகவும் பிடித்த பழக்கம். புது ஆப், புது எக்ஸெல் தாள் எது வந்தாலும், விடை தெரிந்த ஒரு கணக்கை முதலில் அதில் போட்டுப் பாருங்கள். 12,000 ரூபாய் கடன், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, மாதம் 1,000 அசல் வீதம் 12 மாதம். நிலுவைக்கு மட்டும் வட்டி போட்டால் முதல் மாதம் 120, அடுத்தது 110, அதற்கடுத்தது 100 என்று குறைந்து கடைசி மாதம் 10. மொத்த வட்டி 780. ஆரம்ப அசலுக்கே கடைசி வரை வட்டி போட்டால் மாதம் 120 வீதம் 1,440. ஒரு கடனில் 660 ரூபாய் வித்தியாசம். குழு தீர்மானித்தது நிலுவைக்கு வட்டி என்றால், 1,440 காட்டுகிற ஆப் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை ஒதுக்குங்கள், அல்லது வட்டி முறையை மாற்றித் தரச் சொல்லுங்கள். 'கம்ப்யூட்டர் சொல்லுது' என்று எந்த உறுப்பினரிடமும் கூடுதலாக வாங்கிவிடக் கூடாது.

எக்ஸெல்லில் இன்னொரு பொறி. கட்டத்தில் 500 என்று மட்டும் அடிக்கணும். '500 ரூ' என்று அடித்தால் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு, மொத்தக் கூட்டலில் சேர்க்காமல் விட்டுவிடும். எச்சரிக்கை எதுவும் காட்டாது. ஒரு குழுவில் இதனால் மூன்று பேர் சேமிப்பு விட்டுப்போய், கையிருப்பு அதிகமாக இருக்கிறதே என்று ஒரு மதியம் முழுக்கத் தேடினோம். கூட்டலைக் கையிருப்போடு ஒப்பிடுவதை மட்டும் எந்தக் கருவி வந்தாலும் விட்டுவிடாதீர்கள்.

மிச்சமிருந்த 3,800 லேபிள்களிலும் பழைய முகவரி மேல் புது முகவரித் துண்டை ஒட்டி முடித்துவிட்டார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒரு சாயங்காலமும் மறுநாள் காலையும் ஆனது.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது குழு இ-மெயில், அதில் உள்ள போன் நம்பர் யாருடையது, வெப்சைட் இருந்தால் அது யார் பேரில், கெடு எப்போது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாருங்கள். தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே எழுதுங்கள், அதையும் சேர்ந்து கண்டுபிடிப்போம். பாஸ்வேர்டை எழுத வேண்டாம். பழைய ஃபான்டில் உள்ள ஃபைல்களைப் பென் டிரைவில் கொண்டுவந்தால் அன்றைக்கே மாற்றித் தருகிறோம்.